விளையாட்டு வினையாகட்டும்!

“விளையாட்டு வினையாகும்” என்று பெரியோர் எச்சரிப்பர். ஆடியும் பாடியும் கற்று வந்த பிள்ளைகளிடம், ஐந்தாம் வகுப்பை எட்டியதும் நாமும் அதையே வேறு விதமாகச் சொல்கிறோம்: “நீங்கள் பெரிய பிள்ளைகள். விளையாட்டு போதும், படியுங்கள்.” பத்து வயது நிறைந்தவுடன் விளையாட்டு ஆசை மறைந்துவிடுமா என்ன? பெரிய பிள்ளைகளுக்கும் வகுப்பறையில் விளையாட்டு வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆயினும் எந்த விளையாட்டும் பாடமாகிவிடாது. இதை எங்களுக்குக் கற்பித்தவள் ஒரு சிறுமி.

சென்ற ஆண்டு சனிக்கிழமை மாலைகளில், சிலைமானுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சென்றோம். முதல் நாள் வாய்ப்பாட்டுப் போட்டி வைத்தோம். தவறாகச் சொன்னவர் வட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒரே ஆரவாரம்! மிகுந்த மகிழ்ச்சியோடு பேருந்து ஏறினோம். மறுவாரம் ஒரு சிறுமி வரவில்லை. வீடு தேடிப் போய்க் கேட்டோம். “எப்படியும் நான்தானேக்கா முதல்ல அவுட்டு?” என்றாள்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. வாய்ப்பாடு தெரிந்தவள் கடைசிவரை நின்று பலமுறை சொன்னாள். தெரியாதவளோ ஒரே முறை சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவளுக்கே அதை மறுத்துவிட்டோம் அல்லவா?

அடுத்த வாரம் பல்லாங்குழி கொண்டுபோனோம். இருவர் இருவராக ஆடுவதால் சும்மா இருப்பவர் எவருமில்லை. குழிகள் 14, குழிக்கு 5 புளியமுத்து, ஆக 70. அப்பத்தாவோடு ஆடிப் பழகிய அச்சிறுமி எங்களில் இருவரைத் தோற்கடித்தாள்! எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதைக் கண்ணாலேயே கணக்கிட்டாள். ஆனால் 70-ஐ 14-ஆல் வகுக்கும்படி சிலேட்டில் எழுதிக் கொடுத்ததும் விழித்தாள். தன் கை முத்துகளைப் பங்கிட்டதே அந்த வகுத்தல் என்று அருகில் வைத்துக் காட்டிய பிறகே அவள் முகம் மலர்ந்தது. ஆட்டம் மட்டும் போதாது. ஆடியதை எழுதியும் பார்க்க வேண்டும் என்று உணர்ந்தோம்.

தாயமும் அப்படித்தான். எங்களிடமிருந்த கட்டை ஒவ்வொன்றிலும் வெறும் பக்கம் ஒன்று. மற்றப் பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழும். அவற்றுள் தாயம் 2 மட்டுமே, மூன்றோ 4. “தாயம் ஏன் விழ மாட்டேன் என்கிறது?” என்று பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு விடை, நாங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவு!

இவை நேற்று வந்த ஆட்டங்கள் அல்ல. 2015-ல் அகழாய்வு தொடங்கிய கீழடியில், சுடுமண்ணாலான வட்டச் சில்லுகளும் பகடைக்காய்களும் கிடைத்துள்ளன. வைகைக் கரையில் அன்றே மக்கள் எண்ணி ஆடியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியைப் பற்றி அங்கே ஆராய்ந்தார். தொட்டும் செய்தும் கற்பது மழலையருக்கு மட்டும் உரியதென்று அவர் கருதவில்லை. நம் மாநிலத்தில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-ல் மாநிலமெங்கும் பரவியது. 2022-ல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், 2023-ல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. அதற்கு மேல் உள்ளவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

“வகுப்பில் சத்தம் பெருகும், பாடம் முடியாது” என்று சிலர் கூறலாம். உண்மையே, நாங்களும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறோம். நாள் முழுதும் விளையாட வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. வாரம் ஒரு பாடவேளை போதும். அதற்கு இரண்டே விதிகள்: தோற்றவரை வெளியே உட்கார வைக்கக் கூடாது, கடைசிப் பத்து நிமிடம் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.

அந்தச் சிறுமி அதன்பின் ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. வினை என்னும் சொல்லுக்குச் செயல் என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருளில் நம் வகுப்பறைகளில் விளையாட்டு வினையாகட்டும்!