பழைய சீட்டு வேண்டும். பழைய மருந்துப் புட்டி வேண்டாம்

கண் சிவந்து எங்களிடம் வருவோர் பெரும்பாலும் ஒரு காரணத்தைக் கூறிக்கொண்டே வருகின்றனர். நெல் தூசி விழுந்தது என்பர்; திராட்சைக் கொடி உரசியது என்பர். பழனிசெட்டிபட்டியும் கம்பம் பள்ளத்தாக்கும் வேளாண்மை செழித்த பகுதிகள் ஆதலால், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் எதுவும் விழாமலே ஒரு கண் மட்டும் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கூசுமாயின், ஹெர்பிஸ் வைரஸையும் நாங்கள் ஐயுறுகிறோம்.

இவ்வைரஸ் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உடலில் புகுந்து, முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. அவ்வப்போது அது மீண்டும் கிளர்ந்தெழும்போது சிலருக்கு உதட்டில் கொப்புளமும், சிலருக்குக் கருவிழியில் புண்ணும் உண்டாகின்றன. கருவிழியின் உணர்ச்சியை இந்நோய் குறைத்துவிடுவதால் வலி அதிகம் தெரியாமல் போகலாம். வலி குறைவு என்பதால் நோயும் சிறிது என்று எண்ணலாகாது.

கண்டறிவது கடினமன்று. முதலில் பஞ்சுத் திரியால் கருவிழியை மெல்லத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கிறோம். பின்னர் ஃபுளோரசின் சாயமிட்டு நீல ஒளியில் பார்க்கையில், கிளைவிட்ட மரம் போன்ற புண் பச்சையாக ஒளிரும். இப்புண்ணுக்கு அசைக்ளோவிர் களிம்பையோ கான்சிக்ளோவிர் ஜெல்லையோ நாளொன்றுக்கு ஐந்து முறை இடச் சொல்கிறோம். உரிய காலத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் புண் ஆறிவிடும்.

எங்கள் கவலையெல்லாம் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பற்றியதே. கருவிழியின் உள்ளடுக்கில் அழற்சி தோன்றும்போது, வைரஸ் எதிர்ப்பு மருந்தின் துணையோடு நாங்களே அதைத் தருகிறோம். ஆனால் மேற்பரப்பில் புண் இருக்கையில் அதே மருந்து புண்ணைப் பரப்பிவிடும். சிவப்பு மட்டும் முதலில் குறைவதால், நோய் தணிந்ததாகவே நோயாளி நம்புவார். தழும்பு விழுந்து பார்வை மங்கிய பிறகே உண்மை தெரியவரும். சென்ற முறை கண்ணைக் காத்த மருந்து இம்முறை கண்ணைக் கெடுக்கலாம். எது நேர்ந்துள்ளது என்பதைக் கண்ணாடி முன் நின்று எவராலும் அறிய இயலாது.

ஆகவே, மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்பதும் வாங்குவதும் நிற்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. எங்களுக்கும் இதில் கடமை உண்டு. எந்த மருந்து, எதற்கு, எந்நாள் வரை என்பதைச் சீட்டில் விளங்க எழுதுவதோடு, வாயாலும் சொல்ல வேண்டும்.

இந்நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. அமெரிக்காவில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு அசைக்ளோவிர் மாத்திரை உட்கொண்டோரில் 19 விழுக்காட்டினருக்கும், உட்கொள்ளாதோரில் 32 விழுக்காட்டினருக்கும் கண்ணில் நோய் மீண்டும் வந்தது. எனவே, நீண்ட நாள் மாத்திரை எழுதித் தந்தால், கண் தெளிந்துவிட்டதென்று தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் மிஞ்சிய பழைய புட்டியை எறிந்துவிடுங்கள். பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, கண் மீண்டும் சிவந்தால் அன்றே அதனுடன் வாருங்கள்.