மெத்தையல்ல, காற்று

தண்ணீரையோ தரையையோ ஒட்டித் தாழப் பறக்கும் தரைவிளைவு விமானம் பற்றி ஒரு வடிவமைப்பாளர் எழுதிய நீண்ட கட்டுரையின் சரக்கு இவ்வளவுதான்: இறக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே சிக்கும் காற்று மெத்தைபோலத் தாங்கும், எந்த இறக்கையும் போதும், காற்றோட்டப் பகுப்பாய்வு வீண்செலவு.

தரையை ஒட்டி ஓடுவதையெல்லாம் காற்று தூக்கிவிடும் என்றால், 1978இல் மாரியோ ஆண்ட்ரெட்டியை ஃபார்முலா 1 சாம்பியனாக்கிய லோட்டஸ் 79 காரை அதே காற்று ஏன் தரையோடு அழுத்திப் பிடித்தது? அதுவும் தரைவிளைவுதானே! அடிப்பக்கம் கீழ்நோக்கிப் புடைத்திருந்தால், குறுகிய இடைவெளியில் காற்று வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, வண்டியைக் கீழே இழுக்கும். முன்பக்கம் திறந்து பின்விளிம்பு தாழ்ந்திருந்தால் அதே காற்று தேங்கி, அழுத்தம் ஏறி, மேலே தூக்கும். தூக்குவதா இழுப்பதா என்பதை அடிப்பக்கத்து வளைவு முடிவுசெய்கிறது. அந்த வளைவை ஆராயாதே என்பவர் எதை வைத்து விமானம் கட்டப்போகிறார்?

கணினியே இல்லாமல் சோவியத் வடிவமைப்பாளர் அலெக்சேயெவ் ‘காஸ்பியன் கடல் அரக்கன்’ என்ற தரைவிளைவு விமானத்தை 1966இல் பறக்கவிட்டாரே என்பது அடுத்த வாதம். கணினி இல்லாவிட்டால் பகுப்பாய்வும் இல்லை என்று எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? அரக்கனுக்கு முன் 1961இல் ஓடிய அவருடைய சோதனை வாகனம் எஸ்எம்-1இல் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு இறக்கைகள். அடுத்து வந்த எஸ்எம்-2இல் பின்னிறக்கை போய் உயரத்தில் வால் வந்தது. மொத்த எடை 544 டன் வரை எட்டிய அரக்கனின் இறக்கை அகலம் 37.6 மீட்டர், வாலின் அகலம் 37 மீட்டர். இறக்கைக்குச் சமமாக வால் வைப்பவன் அழகுக்காகவா வைப்பான்? தரையை விட்டு எழ எழ ஏற்றுவிசையின் மையம் முன்னோக்கி நகர்கிறது, மூக்கு மேலே எகிறுகிறது. அதை அடக்கத்தான் அந்த வால். உயரம் மாறும்போது ஏற்றுவிசை மாறும் மையம், மூக்கின் கோணம் மாறும்போது அது மாறும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று 1970இலேயே சோவியத் ஆய்வாளர் இரோதோவ் விதி வகுத்துவிட்டார். கட்டுரையில் அந்தப் பெயரே இல்லை.

காற்றுச் சுரங்கத்தில் தாமே எடுத்த அளவுகளை வேறு நீட்டுகிறார். அவர் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள்: மாதிரியின் அடியில் தரை அசையாமல் கிடக்கிறது. அசையாத தரைமேல் காற்று ஓடினால், தரையை ஒட்டி மந்தமான ஒரு படலம் வளர்ந்து, அளக்கவேண்டிய இடைவெளியையே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் காற்றின் வேகத்திலேயே ஓடும் பட்டையை அடியில் போடுகிறார்கள். அவர் அளந்தது தன் சுரங்கத்தின் தரையை.

எந்த இறக்கையையும் மெத்தை தாங்கும் என்று தொடங்கியவர், 1980இல் அரக்கன் நொறுங்கியதற்கு, மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிய விமானியே காரணம் என்று நடுவில் எழுதுகிறார். மெத்தை அப்போது எங்கே போயிற்று? கடைசிப் பத்தியில் உள்நோக்கம் தானே வெளிவருகிறது: பன்னிரண்டு பயணிகளை ஏற்றப்போகும் தன் வடிவமைப்புக்கு நிலைப்புச் சோதனையிலிருந்து விலக்கு வேண்டுமாம். இரோதோவ் சொன்ன அந்த இரண்டு மையங்களும் தன் விமானத்தில் எங்கே விழுகின்றன என்ற வரைபடத்தை முதலில் அவர் வெளியிடட்டும்.