பித்தளை நுண்ணோக்கியும் இரண்டாவது ஊசியும்

பழைய மருத்துவக் கல்லூரிகளின் கண்ணாடிப் பேழைகளில் பித்தளை நுண்ணோக்கியைச் சிலர் கண்டிருக்கலாம். திருகிப் பொருத்தும் சில வில்லைகள், வெளிச்சத்தை மேலே திருப்பும் சிறிய வட்டக் கண்ணாடி, குருதி தடவும் கண்ணாடிச் சில்லுகள், இவற்றையெல்லாம் அடக்கும் மரப்பெட்டி. அவ்வளவே அதன் குடும்பம். அதனை வெறும் அழகுப்பொருளாகப் பார்த்து நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை.

1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் அத்தகைய கருவி ஒன்றின்மீது குனிந்திருந்தார். கடும் புழுக்கம். விசிறியை ஆட்டினால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும். ஆதலால் அதுவும் இல்லை. வியர்வை பட்டுத் திருகாணிகள் துருவேறின. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையிலும் விரிசல். ஆகஸ்டு 20 அன்று, கொசுவின் வயிற்றுச் சுவரில், மலேரியா நோயாளியின் குருதியில் காணப்படும் அதே கருநிறத் துகள்களைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கொசுவைத் தம் உடலில் கடிக்கவிட்டவர் உசேன் கான் என்னும் நோயாளி. கொசு ஒன்றுக்கு ஓரணா அவருக்குக் கூலி. நோயாளியின் பங்கு இல்லாமல் நுண்ணோக்கிக்கு வேலையே இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

இதனை இங்கே எழுதக் காரணம் உண்டு. "நேற்றுத்தானே இரத்தம் எடுத்தீர்கள், இன்றைக்கு மறுபடியும் எதற்கு?" என்று காய்ச்சல் நோயாளியின் உறவினர்கள் கேட்பதை அடிக்கடி கேட்கிறேன். நேற்றைய மாதிரி வீணாகிவிட்டது என்றோ, கட்டணத்திற்காக எடுக்கிறார்கள் என்றோ அவர்கள் எண்ணுகிறார்கள். மலேரியாக் கிருமி குருதியில் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தடித்த பூச்சு ஒன்றில் நூறு பார்வைப்புலங்களைத் தேடிய பின்னரே "இல்லை" என்று எழுதலாம்; அப்படி எழுதிய பின்னரும் ஐயம் இருந்தால், சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. வெளியே மலேரியா மாத்திரை ஏதேனும் விழுங்கியிருந்தால் கிருமி குறைந்து கண்ணுக்குத் தப்பக்கூடும். கடிந்துகொள்வார்களோ என்று அஞ்சி அதை மறைப்பவர்கள் பலர், தயவுசெய்து மறைக்காதீர்கள்.

ஆனால் குறை முழுவதும் உறவினர்களுடையது அன்று. காரணம் சொல்லாமல் ஊசியுடன் கட்டிலருகே வந்து நிற்பது எங்கள் தவறு. உசேன் கானுக்காவது ஓரணா கிடைத்தது; எங்களிடம் வருபவர்களுக்கு இரண்டு வாக்கிய விளக்கம்கூடச் சில நாள்களில் கிடைப்பதில்லை. வேலைப்பளுவை நான் அறிவேன். அதனைச் சமாதானமாக ஏற்க மனம் ஒப்பவில்லை.

ஆகவே, அடுத்த முறை கையை நீட்டுவதற்கு முன் "எதற்காக?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் எவரேனும் நகர்ந்தால், பிரிவின் செவிலியர் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள்.