யந்திர வைத்தியம்: கிழ வண்டிக்குப் புது எண்ணெய்

நெடுநாளாக மருந்தே சாப்பிடாத கிழவர் ஒருவருக்கு மருந்து கொடுக்கலாமா, கூடாதா? "கொடுத்தால் பிழைப்பார்" என்று ஒரு கட்சி சொல்லும். "மருந்தில்லாமலே பழகிய உடம்பு, இப்போது கொடுத்தால் போய்விடுவார்" என்று மறு கட்சி சொல்லும். அமெரிக்காவில் இதே விவாதம் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றி ஓயாமல் நடந்து வருகிறது.

அந்நாட்டில் 'பிக்கப்' என்று ஒருவகை வண்டி உண்டு. முன்புறம் காரைப் போலிருக்கும். பின்புறம் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. குடியானவருக்கும் தச்சருக்கும் அது வலக்கை மாதிரி. 1970-ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட செவர்லே பிக்கப்புகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கியரைக் கையால் மாற்ற வேண்டியதில்லை, வண்டியே மாற்றிக்கொள்ளும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் கார்களிலேயே இந்த வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

இத்தகைய தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய்தான் உயிர். எஞ்சினின் சக்தியைச் சுழன்று சுழன்று கடத்துவது எண்ணெய். அழுத்தம் கொடுத்துக் கிளட்ச் தகடுகளை நெருக்கிப் பிடிப்பது எண்ணெய். சூட்டை ஏந்திச் சென்று ஆற்றுவதும் எண்ணெயே. வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்றால் லேசான காரியமா? ஒரு காலத்தில் இதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தார்கள். அழிந்துபோகும் அபாயத்திலுள்ள பிராணிகளின் ஜாபிதாவில் அமெரிக்க சர்க்கார் 1970-இல் அதைச் சேர்த்த பிறகு, ரசாயன நிபுணர்கள் வேறு சரக்குத் தேட நேர்ந்தது. எண்ணெயின் ஜாதியும் முக்கியம். செவர்லேக்கு 'டெக்ஸ்ரான்' வகை; பழைய ஃபோர்டு வண்டிகள் பலவற்றுக்கு 'டைப் எஃப்'. மாற்றி ஊற்றினால் தகடுகள் பிடிக்கும் விதமே மாறிவிடும்.

இனி வழக்குக்கு வருவோம். "பல வருஷமாக மாற்றாத எண்ணெயை மாற்றாதே, மாற்றினால் பெட்டி செத்துப்போகும்" என்பது ஒரு கட்சியின் வாதம். தகடுகளிலிருந்து தேய்ந்த தூள் பழைய எண்ணெயில் மிதக்கிறது. அந்தத் தூளே தகடுகளுக்குப் பிடிப்பைத் தருகிறது. புது எண்ணெய் அதைக் கழுவிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

மாற்றிய மறுவாரமே வண்டி நின்றுபோன கதைகள் பொய்யல்ல. ஆனால் அந்த வண்டிகளை எப்போது பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். எஞ்சின் உறுமியும் வண்டி நகராமல், கியர் நழுவ ஆரம்பித்த பிறகல்லவா பலருக்கு எண்ணெயின் ஞாபகம் வருகிறது? தூளை நம்பி ஓடும் பெட்டி ஏற்கனவே தேய்ந்துபோன பெட்டி. கடைசி வேளை மருந்து கொடுத்த வைத்தியர்மேல் பழி விழுவது உலக வழக்கம்.

ஆகவே முதலில் நாடி பார்க்க வேண்டும். எண்ணெய்க் கோலை உருவி, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் க்ஷேமம். சற்றே பழுப்பேறியிருந்து, வண்டியும் நழுவாமல் ஓடினால் மாற்றுவதற்கு அதுவே சமயம். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்து, கியரும் நழுவினால் எண்ணெயால் குணமாகாது. பெட்டியைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். பால் கலந்ததுபோல் ரோஜா நிறமாயிருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

மாற்றும்போது அவசரம் உதவாது. வண்டியை ஜாக்கியின்மேல் மட்டும் நம்பி விட்டு அடியில் படுப்பது பிராணாபத்து. உறுதியான தாங்கிகள் வேண்டும். கொதிக்கும் எண்ணெய் தோலை உரித்துவிடுமாதலால் சற்று ஆறவிடுக. அடித்தட்டின் போல்ட்டுகளை ஒரு பக்கமாகத் தளர்த்திச் சாய்த்தால் எண்ணெய் வழியும். தட்டில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பது சகஜம். உலோகச் சிலும்புகள் கிடந்தால் கெட்ட செய்தி. வடிகட்டியையும் காஸ்கெட்டையும் புதிதாகப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றி, எஞ்சின் ஓடிச் சூடான நிலையில் அளவு பார்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நுரைத்துப் பிடிப்புக் குறையும்.

இவ்வளவு செய்தும், பெட்டியிலுள்ள எண்ணெயில் ஏறத்தாழக் கால் பங்குதான் வெளியே வந்திருக்கும். மீதி 'டார்க் கன்வெர்ட்டர்' என்ற சுழல் பாத்திரத்திலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. குறை என்று இதை நினைக்க வேண்டாம்; கிழ வண்டிக்கு இதுவே அநுகூலம். சில வாரம் விட்டு விட்டு மூன்று முறை செய்தால் பாதிக்குமேல் புது எண்ணெயாகிவிடும். யந்திரத்தை வைத்து ஒரே மூச்சில் அலசித் தள்ளுவதைவிட இந்தப் பத்திய முறை சிலாக்கியம். வடித்த எண்ணெயை மண்ணில் கொட்டாமல், அதை வாங்கிக்கொள்ளும் கடையில் சேர்ப்பது தர்மம்.

பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு சில சமயம் கிழ வண்டியின் விலையையே மிஞ்சிவிடும். வண்டி நின்றால் தச்சருக்கு அன்றையக் கூலியும் நின்றது. ஆனால் கோலை உருவிப் பார்ப்பதற்குக் காலணாக்கூடச் செலவில்லை. மருந்தைப் பழிப்பதற்கு முன், நோய்க்கு எத்தனை வயது என்று கேட்டுவிடுவது நல்லது.