டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிளீன் பண்ணின கதை

மழை விட்டு வெயில் அடிக்குது, வெங்காயம் தேறிடும்னு நினைக்கிறேன். இன்னைக்கு வெங்காயம் பத்தி எழுதல. ஒரு பில்லைப் பத்தி எழுதப் போறேன்.

போன மாசம் என் மச்சினன் சர்வீஸ் பில் ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தான். அவன் வச்சிருக்கிறது டீசல் பிக்கப். "மாமா, பில்லு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது, பாருங்க"ன்னான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா படிச்சேன். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிரீஸ். எல்லாம் சரிதான். ஏழாவது வரியில "ஸ்பார்க் பிளக் கிளீனிங், 4 எண்ணம், 480 ரூபாய்"னு போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவனுக்கு ஏன்னு புரியல.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாதுங்க. உள்ள இழுத்த காத்தை பிஸ்டன் நெருக்கி அமுக்கும். அந்த அமுக்கத்துலயே காத்து கொதிக்கிற சூடாயிடும். அதுல டீசலைப் பீச்சினா தானா பத்திக்கும். குளிர் நேரத்துல ஸ்டார்ட் ஆக உதவுறதுக்கு ஹீட்டர் மாதிரி ஒரு குளோ பிளக் சில வண்டிகள்ல இருக்கும். அது வேற சாமான். தீப்பொறி விடுற பிளக் பெட்ரோல், கேஸ் வண்டிக்குத்தான். அப்போ இல்லாத சாமானை எடுத்து, துடைச்சு, திரும்ப மாட்டி, 480 ரூபாய் வாங்கியிருக்காங்க.

அவங்க வேணும்னே ஏமாத்தினாங்கன்னு நான் சொல்லல. கம்ப்யூட்டர்ல பட்டியல் ரெடியா இருந்திருக்கும், பையன் ஒரு டிக் கூடப் போட்டிருப்பான். ஆனா அந்த பில்லை அடிச்ச பையன் படிக்கல, கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர் படிக்கல, காசு கொடுத்த என் மச்சினனும் படிக்கல. அவன் டிகிரி முடிச்சவன். எட்டு வருஷமா அந்த வண்டியை ஓட்டுறவன்.

இதை சென்னையில இருக்கிற என் அண்ணன் மகன்கிட்ட போன்ல சொன்னேன். அவன் சொன்னான், "சித்தப்பா, 480 ரூபாய்க்கு எதுக்கு இவ்வளவு டென்ஷன்? வண்டியெல்லாம் புரொஃபஷனல்ஸ்கிட்ட விட்டுடணும். நம்ம வேலை அது இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் நாலு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம வேலை இல்லைன்னா, அப்போ யார் வேலை?

என் கதைக்கு வர்றேன். என்கிட்ட இருக்கிறது பெட்ரோல்ல ஓடுற சின்ன லோடு வண்டி. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்ததுக்கப்புறம் சின்ன லோடு வண்டிகள்ல பெட்ரோலும் சிஎன்ஜியும் நிறைய வர ஆரம்பிச்சுது. அப்படி ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். போன வருஷம் 45 பெட்டி தக்காளியோட ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிட்டிருந்தேன். மேடு ஏறும்போது வண்டி உதறுது. மூணாவது கியர்ல இழுக்கல, ரெண்டாவதுல திணறுது. மீட்டர்ல இன்ஜின் விளக்கு மினுங்குது. ஒரு வழியா உருட்டிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தப்ப நல்ல விலை போயிடுச்சு. தக்காளி காத்திருக்காதுன்னு உங்களுக்கே தெரியும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். 7,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தாங்க. இன்ஜெக்டர் கிளீனிங், திராட்டில் பாடி கிளீனிங், ஒரு காயில், நாலு பிளக், ஏர் ஃபில்டர், லேபர், இன்னும் என்னமோ. ரெண்டு நாள் ஆகும்னாங்க. அறுவடை நேரத்துல ரெண்டு நாள் வண்டி இல்லாம நான் என்ன செய்ய? "யோசிச்சுச் சொல்றேன்"னு வந்துட்டேன்.

சாயங்காலம் இன்ஜின் நல்லா ஆறின பிறகு வாசல்லயே சீட்டைத் தூக்கினேன். இந்த மாதிரி வண்டிக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியிலதான். என் மகள் டார்ச் பிடிச்சா. நாலு பிளக்கையும் ஒண்ணொண்ணா கழட்டிப் பார்த்தா, முனை எல்லாம் தேய்ஞ்சு இடைவெளி அகண்டு கிடக்கு. வண்டியோட கைப்புத்தகத்துல 1.1 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. இதுல 1.5 தாராளமா போய் வருது. எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் மாத்தினதே இல்ல போல.

யோசிச்சுப் பாருங்க. இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா ஒவ்வொரு பிளக்கும் 1,500 தடவை பொறி விடணும். ஒரு மணி நேரத்துக்கு 90,000 தடவை. தேயாம என்ன செய்யும்? இடைவெளி அகண்டுட்டா பொறி தாண்டுறது கஷ்டம். சும்மா ஓடும்போது சமாளிச்சுக்கும், லோடு ஏத்தி மேடு ஏறினா அங்கதான் காட்டிக் கொடுக்கும்.

புது பிளக் ஒண்ணு 160 ரூபாய், நாலுக்கு 640. பிளக் கழட்டுற நீள பாக்ஸ் ஸ்பேனர் 350, அது ஒரு தடவை வாங்கினா போதும். வேலை முக்கால் மணி நேரம். அடுத்த நாள் அதே மேட்டுல அதே லோடோட மூணாவது கியர்ல ஏறுச்சு. ஒரு வருஷம் ஆச்சு, உதறல் இல்ல.

ஒர்க்‌ஷாப்ல விட்டிருந்தாலும் வண்டி சரியாகியிருக்கும், அதை நான் மறுக்கல. அவங்க பட்டியல்லயும் பிளக் இருந்துச்சே. ஆனா ஏழு வேலையும் பண்ணி 7,200 வாங்கியிருந்தா, எந்த வேலையால சரியாச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. அடுத்த தடவை உதறும்போதும் அதே 7,200 தான். தெரியாதவன் ஒரே பாடத்துக்குத் திரும்பத் திரும்ப ஃபீஸ் கட்டுறான்.

இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. சூடா இருக்கும்போது தொடாதீங்க. கழட்டுறதுக்கு முன்னாடி பிளக் குழியைச் சுத்தி இருக்கிற மண்ணை சைக்கிள் பம்ப்ல ஊதிடுங்க, இல்லேன்னா மண்ணு நேரா சிலிண்டருக்குள்ள விழும். சாவியை ஆஃப் பண்ணிட்டு காயில் ஒயரோட லாக்கை அழுத்தி மெதுவா எடுங்க, பழைய பிளாஸ்டிக் பட்டுனு உடையும். நாலையும் ஒரே நேரத்துல பிரிச்சுப் போடாம ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. புது பிளக்கை முதல்ல ஸ்பேனர் போடாம விரலாலயே திருகணும். குழி ஆழமா இருந்தா பிளக் தலையில ஒரு துண்டு ரப்பர் டியூபைச் சொருகித் திருகுங்க. மரை தப்பினா டியூப் வழுக்கும், மரை கெடாது. கையால முழுசா உட்கார்ந்த பிறகு ஸ்பேனர்ல அரைச் சுத்து, கொஞ்சம் கூட. வாஷர் இருக்கிற புது பிளக்குக்கு அவ்வளவுதான்.

கழட்டின பிளக்கைத் தூக்கி எறியாதீங்க. வயல்ல இலையைப் பார்த்து என்ன சத்து குறையுதுன்னு சொல்ற மாதிரி, பிளக் முனையைப் பார்த்து இன்ஜின் எப்படி இருக்குன்னு சொல்லலாம். வெளிறின காப்பித்தூள் நிறம்னா நல்லா இருக்கு. வறண்ட கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தியா போகுது, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் மேல ஏறுது, அது பெரிய செலவோட முன்னறிவிப்பு. வெளுத்து கொப்புளம் தட்டியிருந்தா இன்ஜின் அளவுக்கு மீறி சூடாகுது. இவ்வளவு சேதி சொல்ற சாமானை ஒர்க்‌ஷாப் குப்பைத்தொட்டியில போட்டுட்டு, உங்களுக்கு பில்லை மட்டும் கொடுக்கிறாங்க.

நான் தப்பே பண்ணாதவன் இல்ல. இருபத்தஞ்சு வயசுல மொபெட் பிளக்கை சூடா இருக்கும்போதே பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். அலுமினிய ஹெட்டு, மரை அப்படியே பிளக்கோட உருவிக்கிட்டு வந்துடுச்சு. லேத் பட்டறையில கொடுத்து புது மரை போட்டேன். ஒரு வாரக் கூலி போச்சு, எங்கப்பா ஒரு மாசம் பேசல. ஆனா அதுக்கப்புறம் என் கை ஒரு மரையையும் கெடுக்கல.

அப்போ எங்க ஊர்ல மொபெட் வச்சிருந்த ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு பிளக் ஸ்பேனர் இருக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் படிஞ்சு பிளக் அடைச்சுக்கும். ரோட்டோரம் உட்கார்ந்து கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மாட்டிக்கிட்டுப் போவாங்க. பால்காரர், தபால்காரர், வாத்தியார் எல்லாரும்தான். இன்னைக்கு அதே ஊர்ல பவர் வீடர் இருக்கு, பிரஷ் கட்டர் இருக்கு, பெட்ரோல் ஸ்பிரேயர் இருக்கு. ஸ்டார்ட் ஆகலைன்னா ஆட்டோவுல ஏத்தி டவுனுக்குக் கொண்டு போறாங்க. ஒரு பிளக்குக்காக ஆட்டோ வாடகை 600. முப்பது வருஷத்துல மிஷின் பத்து மடங்கு ஆச்சு, ஸ்பேனர் காணாமப் போச்சு.

"மெக்கானிக் பொழப்புல மண்ணைப் போடுறீங்களே"ன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். எனக்கு பிளக் மாத்தச் சொல்லிக் கொடுத்ததே எங்க பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் அண்ணன்தான். பிளக் மாத்தி அவர் வீடு கட்டல. கிளட்ச், கியர்பாக்ஸ், ஹெட் வேலைக்கு இன்னைக்கும் அவர்கிட்டதான் போறேன். விஷயம் தெரிஞ்ச கஸ்டமர் வந்தா அவருக்கும் வேலை சுளுவு. அவர் பொழப்புல மண்ணைப் போட்டது யாருன்னு நான் சொல்றேன். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுது. எதுக்குத் தெரியுமா? உதிரி பாகங்களையும் ரிப்பேருக்கான விவரங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாம வச்சிருந்ததுக்கு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க, அது தனிக்கதை. 2022-ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுது. அதுல முதல்ல எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாயக் கருவியும் ஒண்ணு, வண்டியும் ஒண்ணு. அந்த வருஷ டிசம்பர்ல அதுக்குன்னு ஒரு இணையதளமும் திறந்தாங்க. சந்தோஷம். ஆனா உரிமையை அரசாங்கம் கொடுத்தாலும் சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டியது நாமதானே?

இப்போ உங்ககிட்ட வர்றேன். நகரத்துல இருந்து இதைப் படிக்கிற தம்பி தங்கச்சிகளே, கோவிச்சுக்காதீங்க. நாட்டு விதை பத்தி எழுதினா உருகுறீங்க. செக்கு எண்ணெய், மண்பானை, மாட்டுச்சாணம்னா கண்ணுல ஒத்திக்கிறீங்க. "தற்சார்பு"ன்னு அழகா ஒரு வார்த்தை சொல்றீங்க. ஆனா கையில கிரீஸ் படுற தற்சார்பு உங்களுக்குத் தற்சார்பாவே தெரியல. அதை "நம்ம வேலை இல்ல"ன்னு தள்ளிடுறீங்க. எங்க ஊர் விதையோட மட்டும் வாழலைங்க. மோட்டார், பம்ப்செட், வண்டியோட சேர்ந்துதான் வாழுது. விதையைக் கம்பெனிக்காரன்கிட்ட தொலைச்சோம்னு அழறோமே, அதுவும் இப்படித்தான் போச்சு. "இது நம்ம வேலை இல்ல, கடையில வாங்கிக்கலாம்"னு ஒரு தலைமுறை நினைச்சுது. அடுத்த தலைமுறைக்கு விதை எடுக்கவே தெரியல.

எல்லாரும் மெக்கானிக் ஆகணும்னு சொல்லல. வாரண்டி இருக்கிற வரைக்கும் அவங்ககிட்டயே விடுங்க. ஆனா மூணு காரியம் பண்ணுங்க. வண்டியோட கைப்புத்தகத்தை ஒரு தடவை முழுசா படிங்க. பில்லை வரிவரியா படிங்க. மாத்தின பழைய பார்ட்டை "கையில கொடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. அது உங்க காசுல வாங்கின சாமான். கேட்டுப் பாருங்க, அடுத்த தடவை பட்டியல் தானா சின்னதாகும்.

என் மச்சினன் அந்த பில்லை எடுத்துக்கிட்டுத் திரும்பப் போனான். "கிளீன் பண்ணின பிளக் எங்க இருக்குன்னு காட்டுங்க, பார்த்துட்டுப் போறேன்"னு மட்டும் சொல்லச் சொன்னேன். அதையேதான் கேட்டிருக்கான். பத்து நிமிஷம் உள்ள போய்ப் பேசிட்டு வந்து 480 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துட்டாங்களாம். சாயங்காலம் நேரா என் வீட்டுக்கு வந்தான். "மாமா, டீசல் ஃபில்டரை எப்படிக் கழட்டுறதுன்னு காட்டுங்க"ன்னான்.

அவனுக்குக் காட்டினது நான் இல்ல, என் மகள். பன்னெண்டாவது படிக்கிறா. போன வருஷம் டார்ச் பிடிச்சவ, இப்போ ஸ்பேனர் பிடிக்கிறா.

சரி, மோட்டார் போட நேரமாச்சு. மும்முனை கரண்ட் வந்துடுச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்.