கடலெரு நம்முடையது, குப்பியின் மேற் பெயர் யாருடையது?



சென்ற கோடையில் ஒருநாள் மாலை, ஆரணியில் நெசவாளர் தெரு வழியே வந்துகொண்டிருந்தேன். முன்பு என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தம் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். ஆறாண்டுகளாய்ப் பூத்துக் குலுங்கிய மல்லிகைச் செடி, இலை விளிம்பெல்லாம் கருகி, அனலில் வாட்டியது போல் நின்றது. "ஐயா, கடலிலிருந்து எடுத்த இயற்கை உரம் என்று கடைக்காரர் கொடுத்தார். வேருக்கு நல்லது என்றார். அப்படியே ஊற்றிவிட்டேன்" என்று கலங்கி, ஒரு குப்பியை என் கையில் தந்தார்.

முகப்பைப் பார்த்தேன். 'சீவீட் எக்ஸ்ட்ராக்ட் லிக்குவிட்' என்று, ஆங்கிலம் தமிழெழுத்தை முக்காடாய் இட்டுக்கொண்டு நின்றது. எத்தனை மடங்கு நீர் கலக்க வேண்டும் என்னும் குறிப்போ, பின்புறத்தில் எறும்பினும் சிறிய ஆங்கில எழுத்தில் இருந்தது. நீர் கலவாத செறிசாற்றை வேரில் ஊற்றினால் அதிலுள்ள உப்பு செடியைச் சுடாமல் என் செய்யும்? அவ்வம்மையார் எழுத்தறியாதவர் அல்லர். தமிழை நன்கு படிப்பவர். அவர் படிக்கும் மொழியில் அக்குறிப்பு இல்லை, அவ்வளவே! மொழிக்கேடு செடிக்கேடாய் முடிந்ததை அன்று கண்ணாரக் கண்டேன்.

"உரக் குப்பியிலுமா தமிழ் வேண்டும்? பயிர் செழித்தாற் போதாதா?" என வினவும் நண்பர்க்கு அக்கருகிய மல்லிகையே விடை.

அக்குப்பிக்குள் இருந்தது யாது? கடற்பாசிச் சாறு. இந்தியாவிற் கடற்பாசிக்குப் பெயர்பெற்ற கரைகளுள் தலையாயது நம் இராமநாதபுரக் கடற்கரை. பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் வாழும் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறித்து வருகின்றனர். அவர்தம் நாவில் அப்பாசிகட்குப் பெயர் இல்லையா? கேண்மின்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை! தோட்டத்து மரிக்கொழுந்தைக் கடலடியிலும் கண்டு பெயரிட்ட கண் அவர்களுடையது. இப்பெயர்களைப் படைக்க எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் கூடவில்லை. எந்தப் புலவனும் ஓலை புரட்டவில்லை. உழைத்த கை தொட்டதை உழைத்தவர் வாய் பெயரிட்டது. அப்பெயருள் ஒன்றேனும் கடைக் குப்பியில் ஏறக் கண்டதுண்டா?

பெயரை இழப்பதன் பின்விளைவையும் அக்கடலே காட்டுகிறது. பிலிப்பைன் கடற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட கப்பாபைக்கசு என்னும் அயற்பாசி, 2000-ஆம் ஆண்டையொட்டி மண்டபம் பகுதியில் பெப்சி நிறுவனத்தின் முனைவாற் பெருக வளர்க்கப்பட்டது. மக்கள் அதற்கு இட்ட பெயர் 'பெப்சிப் பாசி'! கடலுயிருக்கே கும்பினியின் பெயர் ஒட்டிக்கொண்டது. 2008-இல் அப்பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகள் மேற் படர்ந்து மூடுவதை ஆய்வாளர் வெளியிட்டனர். அப்பாசி வளர்ப்பாற் பல குடும்பங்கள் பிழைத்ததும் உண்மையே. அதனை மறைத்தல் அறமாகாது. ஆயினும் யாருடைய கடலில், யாருடைய முடிவால், யாருடைய ஊதியத்திற்காக என்னும் வினாவை நாம் எழுப்பியே ஆதல் வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் வழிவழியாய் அத்தீவோரம் பாசி பறித்த பெண்கள், தம் கடலிலேயே அஞ்சி ஒதுங்கும் நிலை வந்தது. அவர்களோ தாமே கூடி, திங்களில் 12 நாள் மட்டுமே பறிப்பதென வரம்பு கட்டிக்கொண்டனர். அவருள் ஒருவரான சின்னப்பாலத்து இலக்குமி அம்மையார்க்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலசி அமைப்பு பரிசளித்துப் போற்றியது. அயலார் அறிந்த அப்பெயரைத் தமிழாசிரியராகிய நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? தறிக்குழியிற் கால் மடக்கி நெய்தவன் பெறும் கூலிக்கும், கடையிற் பட்டுச் சேலை பெறும் விலைக்கும் உள்ள இடைவெளியை ஆரணியார்க்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. கடலடியில் மூச்சடக்குபவளுக்கும் குப்பியின் விலைக்கும் இடையே உள்ளதும் அதே பள்ளந்தான்.

எருவுக்கு அயலானை நம்பினால் வருவது யாது? 2021-இல் இலங்கையரசு வேதியுர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்தது. அடுத்துச் சீன நிறுவனமொன்றிடம் கடற்பாசி எரு வாங்க ஒப்பந்தமிட்டது. வந்த சரக்கில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகச் சொல்லி அதனை ஏற்க மறுத்தது. ஆயினும் 65 இலக்கம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் கட்டித் தொலைத்தது! சிங்கள உழவனும் வாடினான். வன்னித் தமிழுழவனும் வாடினான். எரு என்பது தன் மண்ணில், தன் கையால், தக்க காலம் எடுத்துக்கொண்டு ஆக்கப்பட வேண்டியது. ஆணையாலும் கப்பலாலும் வருவதன்று.

இனி நம்மவரை நோக்கியும் ஒரு சொல். பெயரை மட்டும் தமிழாக்கிவிட்டு, 'முன்னோர் அறியாத உரமா?' என மார்தட்டுதல் போதாது. மெய்யறிந்து பேசுவோம். பாசிச்சாறு மாயநீர் அன்று. அதில் சாம்பற்சத்தும் நுண்ணூட்டங்களும் வேரையும் தளிரையும் தூண்டும் வளரூக்கிகளும் உள, தழைச்சத்து குறைவு. தொழுவுரத்திற்கு அது துணையாகுமேயன்றி ஈடாகாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்னும் இச்சொற்களை நோக்குமின்! தழையை வளர்ப்பது, மணியை நிரப்புவது, சாம்பலிற் கிடைப்பது எனப் பெயரே பயனைச் சொல்கிறது. உழுதலினும் எருவிடுதல் நன்றென்று சொன்ன வள்ளுவன் மொழிக்கு ஒரு குப்பியின் முகப்பை எழுத வலுவில்லையாம்! நம்பத்தான் முடிகிறதா?

ஆரணிக்குக் கடல் தொலைவு. ஆயினும் மீன் சந்தைக்கு வருகிறது. அதன் தலையும் குடலும் செதிளும் குப்பைக்குப் போகின்றன. அவற்றை வாங்கி, ஓரெடைக் கழிவுக்கு ஓரெடை நாட்டுவெல்லம் இட்டுப் பிசைந்து, வாயகன்ற ஏனத்தில் முக்காற் பங்கு நிரப்பி, மூடி நிழலில் வைமின். இடையிடையே மூடியைச் சற்றே திறந்து காற்றை வெளிவிடுமின். மூன்று கிழமையில் முடைநாற்றம் மாறிப் பழவாடை வீசும். வடித்தெடுத்து, 1 பங்குக்கு 200 பங்கு நீர் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிமின். இஃதே மீன்கரைசல். கடற்கரைக்குச் செல்வோர் அலை ஒதுக்கிய பாசியைக் கொணர்ந்து, நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பகற்றி, மக்குக் குழியில் இடலாம். பாறையில் உயிரோடிருப்பதைப் பிடுங்கற்க. அது மீனின் வீடு, அப்பெண்களின் பிழைப்பு.

கருகிய மல்லிகைக்கு நாள்தோறும் நன்னீர் விட்டு உப்பைக் கழுவினோம், தொழுவுரம் இட்டோம். கார்காலத்தில் தளிர் விட்டது. அதன்பின் அம்மையார் தாமே மீன்கரைசல் ஆக்கினார். ஏனத்தின் மேல் அவர் கையால் எழுதி ஒட்டியிருப்பது இது: 'மீன்கரைசல். ஒன்றுக்கு இருநூறு நீர்.' பல்லாயிரம் உருவா செலவிட்டு விளம்பரம் செய்யும் வணிகர்க்கு எழுத வாராத இவ்வொரு வரி, பாவோடும் ஊடோடும் வாழ்ந்த ஒரு தாய்க்கு எழுத வந்தது.

தமிழர்களே! அடுத்த முறை கடைக்காரர் அக்குப்பியை நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன், "தமிழில் எழுதியது இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையெனின் வாங்காது திரும்புங்கள். உங்கள் கொல்லையில் ஓர் ஏனமும், சந்தையில் மீன்கழிவும், நாவில் தமிழும் உள. வேறென்ன வேண்டும்?