எத்தனை பேர் இறங்குவார்கள்?

திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ முகாமின் மைதானத்துக்குக் குளச்சலின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். காரணத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைக் குளச்சல் கடற்கரையில் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தரப்பு அதிகாரி டிலனாய் பிறகு அதே மன்னரின் பட்டாளத்துக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' ஆகி, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அந்தப் படையின் வழிவந்த நாயர் பிரிகேட், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சிக்குப் பின் கலைக்கப்பட்டு, மறுபடி உயிர்பெற்று, திருவிதாங்கூர் சமஸ்தானப் படையாகி, சமஸ்தான இணைப்புக்குப் பின் இந்திய ராணுவத்துக்குள் வந்தது. அதன் இரண்டு பட்டாலியன்கள் இன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆவது, 16ஆவது பட்டாலியன்கள். இரண்டுமே இன்றுவரை காலால் நடந்து போரிடும் படைகள்.

அதே மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனுக்கோ வேறு விதி. 1979 ஏப்ரல் 2 அன்று, இன்று அகில்யாநகர் எனப்படும் அகமத்நகரில், இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் உருவானபோது, பல ரெஜிமென்ட்களிலிருந்து பழம்பெரும் பட்டாலியன்களை எடுத்துக் கோத்தார்கள். ஜாட், கூர்க்கா, சீக்கியர், டோக்ரா, கர்வால் என்று வரிசை நீண்டது. அதில் முதல் எண் 1 மெட்ராஸுக்குக் கிடைத்தது. இந்த யோசனையை முன்னின்று நடத்தியவர் செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி. பின்னாளில் தலைமைத் தளபதி ஆனவர்.

காலாளுக்குக் கவச வண்டி எதற்கு என்ற கேள்விக்கு 16 மெட்ராஸின் கதையிலேயே பதில் இருக்கிறது. 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 15 இரவு, ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து சராஜ்சக்கைப் பிடித்தது அந்தத் திருவிதாங்கூர் பட்டாலியன். பக்கத்தில் ஜர்பாலை 3 கிரெனடியர்ஸ் பிடித்தது. ஆற்றுக்கு அப்பால் கால் ஊன்றியாகிவிட்டது. டாங்கிகள் இன்னும் இந்தப் பக்கம். நடுவில் கண்ணிவெடி வயல். பொறியாளர்கள் பாதையைச் சுத்தம் செய்து முடிக்கவில்லை. எதிரி டாங்கிகள் நகரும் சத்தம் கேட்டதும், பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் டாங்கிகள் முழுதும் அகற்றப்படாத அந்த வயலுக்குள்ளேயே புகுந்து வந்து சேர்ந்தன. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில்தான் பூனா ஹார்ஸின் அருண் கேத்தர்பால் விழுந்தார். பரம்வீர் சக்ரா பெற்றார். 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீசர் வேத் பிரகாஷ் கய்யும் அதே களத்தில் உயிர்விட்டு மகாவீர் சக்ரா பெற்றார். காலாட்படையும் டாங்கியும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்த அந்த இரவுதான் இந்த விஷயத்தின் மையம். டாங்கிக்கு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. காலாளுக்கு டாங்கியின் வேகம் கிடையாது. இடைவெளியை லாரியால் அடைக்கப் பார்த்ததும் உண்டு. 1965இல் சியால்கோட் முனையில் 1ஆவது கவச டிவிஷனோடு போன 43ஆவது பிரிகேட்டின் பெயரே 'லாரிக் காலாட்படை பிரிகேட்'. குண்டு துளைக்கும் தகரம், தார்ச்சாலையை விட்டு இறங்கினால் புதையும் சக்கரம்.

இதே சிக்கலில் எல்லோருக்கும் முன்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஜெர்மானியர்கள். 1942இல் கவச டிவிஷன்களின் காலாட்படைக்கு 'பான்சர்கிரெனடியர்' என்று கம்பீரமாகப் பெயர் வைத்தார்கள். நடைமுறையில் ஒரு டிவிஷனின் நான்கு பட்டாலியன்களில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் கவச வண்டி கிடைத்தது. மீதிப் பேர் லாரியில் போனார்கள். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி புது ராணுவம் கட்டியபோது, வண்டிக்குள் இருந்தபடியே சுடவும் வேண்டும், தேவைப்பட்டால் இறங்கவும் வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்காக வாங்கியதுதான் எச்எஸ் 30. சரியாகச் சோதிக்காமலேயே ஆர்டர் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேல் வாங்கத் திட்டம். சுமார் 2,100 வண்டியோடு நின்றது. என்ஜினைப் பின்பக்கம் வைத்துவிட்டதால் வீரர்கள் கூரை வழியே ஏறிக் குதித்துத்தான் வெளியே வர வேண்டும். எதிரே துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி ஏறுவதைக் கற்பனை செய்தாலே போதும். லஞ்சப் புகார்கள் கிளம்பி, ஜெர்மன் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது.

1971இல் வந்த மார்டர் வண்டி இந்தத் தவறைச் சரிசெய்தது. என்ஜின் முன்னால், சாய்தளக் கதவு பின்னால். அரை நூற்றாண்டு கழித்தும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் உக்ரைனுக்கும் போனது. அதற்கு மாற்றாக வந்த பூமாதான் மறுபடி ஜெர்மனியைச் சந்தி சிரிக்க வைத்தது. 2022 டிசம்பரில் ஒரு பயிற்சியின் முடிவில் 18 பூமாக்களில் 18உம் படுத்துவிட்டன. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லாம்பிரெக்ட் புதிதாக வாங்குவதை நிறுத்திவைத்தார். நேட்டோ அதிரடிப் படைக்குப் பழைய மார்டரே போனது. பெரும்பாலான பழுதுகள் சில வாரங்களில் சரிசெய்யக் கூடியவையாகவே இருந்தன, அடுத்த ஆண்டே மேலும் 50 பூமாவுக்கு ஆர்டரும் போனது என்பது வேறு விஷயம்.

பழுதைவிடக் கவனிக்க வேண்டியது இருக்கை எண்ணிக்கை. பூமாவில் ஓட்டுநர், சுடுநர், தளபதி போக ஆறு பேர்தான் உட்கார முடியும். முழுக் கவசம் பூட்டினால் எடை சுமார் 43 டன், தண்ணீரில் மிதக்காது. ஒரு கம்பெனிக்கு 14 வண்டி என்று வைத்துக்கொண்டால், எல்லா வண்டியும் ஓடினாலும் மண்ணில் கால் வைப்போர் 84 பேர். ஊருக்குள் வீடு வீடாகப் போகவோ, பிடித்த மேட்டை இரவெல்லாம் காக்கவோ வேண்டிய நேரத்தில் இந்தக் கணக்கு உறுத்தும். இன்று அதை நேரில் எதிர்கொள்ளப் போவது, செக் எல்லையை ஒட்டிய பவேரியச் சிற்றூரான ஓபர்ஃபீஷ்டாகின் 122ஆவது பான்சர்கிரெனடியர் பட்டாலியன். 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்ட 45ஆவது கவச பிரிகேட்டோடு சேர்ந்து அது லிதுவேனியாவுக்குக் குடிபெயர்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி ஒரு பிரிகேட்டை நிரந்தரமாக வெளிநாட்டில் நிறுத்துவது இதுவே முதல் முறை.

இந்தியக் கணக்கு கொஞ்சம் தேவலை. இங்குள்ள பிஎம்பி-2 வண்டியில் மூன்று பேர் வண்டியோடு இருக்க, ஏழு பேர் இறங்கலாம். எடை சுமார் 14 டன். பஞ்சாப் கால்வாய்களை நீந்திக் கடக்கும். ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஏழு பேருக்கு எவ்வளவு இடம் என்று. பெரும்பாலோர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவில் இருப்பது டீசல் டாங்க். வெளியேறும் பின்கதவுகளுக்குள்ளும் டீசல்தான். வயிற்றுப் பக்கத் தகடு கனமில்லாதது. 1987இல் இந்திய அமைதிப்படை இதற்கு முந்தைய பிஎம்பி-1 வண்டிகளோடு யாழ்ப்பாணத்துக்குள் போனபோது, சாலையில் புதைத்த வெடிகளுக்கு முன் அந்தத் தகடு என்ன ஆனது என்பதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தது. ஐரோப்பியச் சமவெளியில் டாங்கிக்குப் பின்னால் பாய்வதற்காகச் சோவியத் நாட்டில் வரைந்த வண்டி, ஒழுங்கைகளும் பனங்காடுகளும் நிறைந்த தீபகற்பத்தில் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டது.

இந்த வண்டிக்கு மாற்றுத் தேட ஆரம்பித்து 15 ஆண்டுகளுக்கு மேலாகிறது. எதிர்காலக் காலாட்படைப் போர் வண்டி என்ற திட்டத்துக்குத் தனியார் நிறுவனங்களையும் அழைத்தார்கள்; விண்ணப்பம் வாங்கினார்கள்; பிறகு திரும்பவும் முதலிலிருந்து விவரம் கேட்டார்கள். இதற்கு நடுவே 2020 ஜூனில் அரசு செய்தது என்ன? 1,094 கோடி ரூபாய்க்கு மேலும் 156 பிஎம்பி-2 வண்டிகளை மேடக் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்தது. லடாக்கில் சீனாவோடு மோதல் முற்றிய மாதம் அது. பனிப்பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்த வேறு வண்டி கையில் இல்லை என்பதால் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. குறை அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் இருக்கிறது.

புது வண்டி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பீரங்கியின் விட்டம், ஏவுகணையின் தூரம், ட்ரோனைச் சுடும் கருவி என்றுதான் பட்டியல் ஆரம்பிக்கிறது. ட்ரோன் காலத்தில் கவசம் கூட வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் ஒவ்வொரு டன் கவசமும் ஒரு பாலத்தையோ, நீந்தும் திறனையோ, ஓர் இருக்கையையோ விலையாகக் கேட்கும். ஜெர்மனி இருக்கையையும் நீந்துவதையும் விட்டுக்கொடுத்தது. ஆறும் கால்வாயும் நிறைந்த மேற்கு எல்லையும் ஆள் எண்ணிக்கை முக்கியமான மலை எல்லையும் கொண்ட நாட்டுக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகாது. எட்டுப் பேர் இறங்கும் வண்டி வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதி, மற்றதை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வதே சரி. பிஎம்பியின் என்ஜின் ஆவடியில் உருவாகிறது, உடல் மேடக்கில். இரண்டும் இப்போது ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே அரசு நிறுவனத்தின் கீழ். பத்துப் பதினைந்து மாதிரி வண்டிகளைச் செய்து, 1 மெட்ராஸின் வழிவந்த அந்த முதல் பட்டாலியனிடமே கொடுத்து இரண்டு கோடை ராஜஸ்தானிலும் இரண்டு குளிர்காலம் லடாக்கிலும் ஓட்டச் சொல்லலாம். மொத்த ஆர்டரில் கையெழுத்துப் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.